மைக்கொம்புச் சொற்களும் முதல் அகராதிகளும்

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் தனி நூலாக முதன்முதலில் வெளிவந்த அகராதி 1604ஆம் ஆண்டில் லண்டனில் அச்சேறியது. ஏறத்தாழ 2,500 சொற்களே கொண்ட அச்சிறு நூலில் வீடு, கதவு, நடத்தல், உண்ணல் முதலியவற்றைக் குறிக்கும் அன்றாடச் சொற்களைத் தேடினால் கிடைக்கமாட்டா. பிரசங்கத்தில் கேட்டும் புத்தகத்தில் கண்டும் பொருள் விளங்காமல் மக்கள் தயங்கி நின்ற சொற்களையே அது திரட்டித் தந்தது. அவற்றை அக்கால ஆங்கிலேயர் கடினச் சொற்கள் என்றனர்; தமிழ் உரைமரபில் வழங்கும் அருஞ்சொல் என்ற பெயர் அவற்றுக்கு நன்கு பொருந்தும். ஒரு மொழியின் முதல் அகராதி, அம்மொழியைப் பிறப்பிலிருந்தே பேசி வந்தவர்களுக்கு அவர்களுடைய மொழியையே கற்பிக்க வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது என்பதை ஆராய்ந்தால், இன்றும் பலர் மேற்கொள்ளும் சொல்வளம் பெருக்கும் பயிற்சியின் வேர் எங்கே இருக்கிறது என்பது புலனாகும்.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி நெடுங்காலம் கோலோச்சியது. திருச்சபையிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் நிலைத்திருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவிய அச்சகத்தைத் தொடர்ந்து அச்சுத்தொழில் பெருகியதும், கிரேக்க, இலத்தீன் நூல்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டதும், சமயச் சீர்திருத்தத்தின் விளைவாகத் திருமறை ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டதும் ஒன்றுகூடி, அதுவரை பேச்சுக்கும் கதைக்கும் போதுமானதாக இருந்த ஆங்கிலத்தின்மீது மருத்துவம், தத்துவம், அரசியல், இறையியல் ஆகியவற்றின் முழுச் சுமையையும் ஏற்றின. சொல் போதாத இடங்களிலெல்லாம் மொழிபெயர்ப்பாளர் இலத்தீன் சொல்லை எடுத்து அதன் வாலை மட்டும் ஆங்கில மரபுக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தினர். 1500க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வாறு புகுந்த சொற்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை என மொழி வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர்.

புகுத்தியோர் அனைவரும் பகட்டுக்காக அதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எட்டாம் ஹென்றி மன்னரின் தூதராகப் பணியாற்றிய சர் தாமஸ் எலியட், 1531இல் வெளியிட்ட 'கவர்னர்' என்னும் நூலில், நிதானமும் முதிர்ச்சியும் கலந்த பண்பைக் குறிக்க 'மெச்சூரிட்டி' என்ற சொல்லைக் கொணர்ந்தபோது, அது வாசகருக்குப் புதிதாகவும் மங்கலாகவும் தோன்றும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதற்கு விளக்கமும் எழுதினார். அவரும் அவர்போன்ற பிறரும் புதுச்சொல்லை அடுத்து அதற்கு நேரான பழைய சொல் ஒன்றையும் இணைத்தெழுதிப் பொருளை வாசகர் ஊகித்துக்கொள்ளச் செய்தனர். பிற்காலத்து அருஞ்சொல் அகராதியின் கரு இந்த இணைப்பிலேயே இருந்தது எனலாம்.

எதிர்ப்பும் உடனுக்குடன் எழுந்தது. அக்காலத்து எழுத்தர்கள் மாட்டுக்கொம்பைக் குடைந்து அதில் மை நிரப்பி வைத்திருந்தமையால், புலமை காட்டுவதற்காகவே எழுத்தில் வரவழைக்கப்பட்ட சொற்களை 'இங்க்ஹார்ன்', அதாவது மைக்கொம்புச் சொற்கள், என்று எதிர்ப்பாளர்கள் அழைத்தனர். தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட அணியிலக்கண நூலில், திருச்சபைப் பதவி வேண்டி லிங்கன்ஷயர்க்காரர் ஒருவர் எழுதியதாக ஒரு கடிதத்தைச் சேர்த்து, வரிக்கு வரி இலத்தீன் சொற்களை அடுக்கி எள்ளினார். அக்கடிதத்தை இன்று படிப்போர் விசித்திரமான ஓர் உண்மையை எதிர்கொள்கின்றனர். நகைப்பூட்டுவதற்கென்றே அவர் திரட்டிய சொற்களுள் கொண்டாடுதலைக் குறிக்கும் 'செலிபிரேட்', ஆழ்ந்து எண்ணுதலைக் குறிக்கும் 'கான்டெம்ப்ளேட்', வளமான என்னும் பொருளுடைய 'ஃபெர்ட்டைல்' ஆகியவை இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த சொற்களாகிவிட்டன. மன்றாடுதலைக் குறித்த 'ஆப்டெஸ்டேட்', களைப்பூட்டுதலைக் குறித்த 'ஃபேட்டிகேட்', பெரிய என்று பொருள்பட்ட 'இன்ஜென்ட்' ஆகியவை மறைந்தன. மறைந்தவையும் நிலைத்தவையும் ஒரே கடிதத்தில், ஒரே நோக்கத்தோடு, ஒரே அளவு விநோதமாக அருகருகே நிற்கின்றன.

வேற்றுச் சொற்களை முற்றாக விலக்க முனைந்தோரும் இருந்தனர். கேம்பிரிட்ஜில் கிரேக்க மொழிப் பேராசிரியராகவும் இளவரசர் எட்வர்டுக்கு ஆசிரியராகவும் விளங்கிய சர் ஜான் சீக், ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பட வேண்டுமென வாதிட்டு, மத்தேயு நற்செய்தியைப் பெயர்க்கும்போது உயிர்த்தெழுதலுக்கு 'மீண்டெழல்' என்று பொருள்படும் 'கெய்ன்ரைசிங்' என்ற சொல்லையும், நூறு வீரர்க்குத் தலைவனைக் குறிக்க 'ஹன்ட்ரடர்' என்ற சொல்லையும் புனைந்தார். ரால்ஃப் லீவர் 1573இல் தருக்க நூல் ஒன்றை எழுதியபோது தருக்கத்துக்கே 'விட்கிராஃப்ட்' எனப் பெயரிட்டு, முடிவு என்பதை 'எண்ட்சே' என்றும் வரையறை என்பதை 'சேவாட்' என்றும் வழங்கினார். தனித்தமிழ் இயக்கத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இம்முயற்சியின் உணர்ச்சி நன்கு விளங்கும். தூய ஆங்கிலத்துக்காகக் குரல் கொடுத்த சீக், அந்நாட்டில் கிரேக்கத்தை மிக ஆழமாகக் கற்றவர்களுள் ஒருவர் என்பதையும், அயற்சொற்களால் தமக்கென எவ்வித இடரும் இல்லாதிருந்தும் பிறர்பொருட்டே அவர் வாதிட்டார் என்பதையும் மறத்தலாகாது.

இப்பூசல் நாடக மேடையிலும் ஏறியது. பென் ஜான்சன் 1601இல் இயற்றிய 'பொயட்டாஸ்டர்' நாடகத்தில், அவருடைய போட்டியாளரான ஜான் மார்ஸ்டனைச் சுட்டும் கிறிஸ்பினஸ் என்ற பாத்திரத்துக்கு வாந்தி மருந்து கொடுக்கப்படுகிறது. அவன் தான் விழுங்கிய சொற்களை ஒவ்வொன்றாகக் கக்குகிறான். அவ்வாறு வெளிவந்தவற்றுள் 'ரெசிப்ரோகல்', 'டிஃபங்க்ட்', 'ஸ்ட்ரெனுவஸ்', 'கான்ஷியஸ்', 'கிளம்சி' ஆகியவை இருந்தன. இன்று எந்த நாளிதழிலும் காணக்கூடிய சொற்கள் இவை. அவற்றோடு வெளிவந்த 'ஆப்லாட்ரன்ட்', 'ஃபியூரிபண்ட்' முதலியவற்றை இன்று ஆங்கிலேயரும் அகராதியின் துணையின்றி அறியமாட்டார். ஒரு சொல் நிலைக்குமா என்பதை அதன் காலத்தில் வாழ்ந்த மேதைகளாலும் முன்னறிந்து கூற இயலவில்லை என்பதற்கு வில்சனும் ஜான்சனும் தந்த இரு பட்டியல்களைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அறிஞர்களின் இப்பூசலால் உண்மையில் இடர்ப்பட்டோர் வேறு மக்கள். இலக்கணப் பள்ளிகள் எனப்பட்ட அக்காலக் கல்விக்கூடங்களில் சிறுவர்கள் ஏழு வயதளவில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இலத்தீனையே பயின்றனர். ஆகவே இலத்தீன் வேரிலிருந்து முளைத்த ஆங்கிலச் சொல் எதுவாயினும், முன்பின் கேட்டிராவிடினும், அவர்களுக்கு அது பாதி புரிந்தே இருந்தது. அப்பள்ளிகளின் வாசல் பெண்களுக்கு அடைத்தே கிடந்தது. கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோரின் பிள்ளைகளுள் பலருக்கும் அவ்வாறே. புதிய சொற்களின் கடினம் அச்சொற்களில் இயல்பாக உறைந்திருந்த ஒன்றன்று. பள்ளி வாசலில் நின்றுவிட்டவர்களுக்கு மட்டுமே அவை கடினமாயின. ஒரே நாட்டில், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் வாழ்ந்தோரிடையே எழுந்த இச்சுவரை உணர்ந்த சிலர், புலமையாளரை ஏசுவதை விடுத்துப் பொருளைச் சொல்லிவிடுவதே நன்றென்று கருதினர்.

அத்தகைய முயற்சிகள் 1604க்கு முன்னரே தொடங்கிவிட்டன. ஆங்கிலக் கத்தோலிக்கர் பிரான்சின் ரைம்ஸ் நகரில் 1582இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் இறுதியில், எளிய வாசகர் அறியாத சொற்களுக்குப் பொருள் கூறும் சிறு பட்டியல் சேர்க்கப்பட்டிருந்தது. 'கோஆப்பரேட்', 'விக்டிம்', 'கிராட்டிஸ்' ஆகியவை அன்று விளக்கம் வேண்டிய சொற்களாக அதில் நின்றன. அதே ஆண்டில் லண்டனின் மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் ரிச்சர்ட் மல்காஸ்டர் ஏறத்தாழ எட்டாயிரம் சொற்களைப் பொருளின்றிப் பட்டியலிட்டு, அவற்றுக்கெல்லாம் பொருள் எழுதி ஒருவர் அகராதி செய்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1596இல் எட்மண்ட் கூட் எழுதிய ஆங்கிலப் பள்ளியாசிரியர் என்னும் பாடநூலின் பிற்பகுதியில் சுருக்கமான பொருளோடு கூடிய சொற்பட்டியல் ஒன்று இடம்பெற்றது.

கூட் தந்த பட்டியலைப் பெருமளவு எடுத்தாண்டு அதை விரித்துத் தனி நூலாக்கியவரே ராபர்ட் காட்ரி. ரட்லண்ட் மாவட்டத்தின் ஓக்கம் ஊரில் பள்ளியாசிரியராக இருந்து, 1571இல் தெற்கு லஃபன்ஹாம் ஊரின் திருச்சபைக் குருவாக அமர்ந்த அவர், சமயத் தூய்மைவாதச் சார்புடையவராதலால் அரசு விதித்த வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்துப் பதவியை இழந்தார். அதை எதிர்த்து அவர் தரப்பில் நடந்த வழக்கு ஆங்கிலச் சட்ட வரலாற்றில் காட்ரி வழக்கு என்ற பெயரில் நிலைபெற்றுள்ளது. பதவி பறிபோன அக்குரு, மீண்டும் ஆசிரியத் தொழிலால் வாழ்ந்து, லண்டனில் ஆசிரியராயிருந்த தம் மகன் தாமஸின் துணையோடு முடித்ததே 'டேபிள் ஆல்ஃபபெட்டிகல்', அதாவது அகரவரிசை அட்டவணை, என்னும் அந்த 1604ஆம் ஆண்டு நூல். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றிலிருந்து வந்த சொற்களைச் சீமாட்டிகளும் பிற பெண்களும் கல்லாத எவரும் எளிதில் உணர்வதற்காக அது செய்யப்பட்டது என்று முகப்பிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. ஹாரிங்டன் குடும்பத்தில் பிறந்த உடன்பிறந்த சீமாட்டியர் ஐவருக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. பெண் வாசகரை முன்னிறுத்திய இந்த அறிவிப்பை வெறும் விற்பனைத் தந்திரமாக ஒதுக்குவோர் உண்டு. பிரசங்கமே தம் வாழ்நாட்பணியாகக் கொண்ட ஒருவர், பிரசங்கத்தைக் கேட்போருள் பாதிப்பேர்க்கு அதன் சொற்கள் விளங்கவில்லை என்பதை மேடையிலிருந்து கண்டிருக்க வேண்டும் என்றெண்ணுவதே அந்நூலின் தன்மைக்கு ஒத்ததாகும்.

முன்னுரையின் பெரும்பகுதியைக் காட்ரி வில்சனின் நூலிலிருந்தே எடுத்துக்கொண்டார். கடல்கடந்து சென்று திரும்பியோர் தாய்மொழியையே மறந்துவிடுவதாகவும், அவர்களுடைய அன்னையர் இன்று உயிரோடு இருந்தால் மக்கள் பேசுவது என்னவென்று அவர்களால் சொல்ல முடியாது என்றும் அம்முன்னுரை வருந்துகிறது. தாய்க்கு விளங்காத தாய்மொழி என்ற இந்தக் கருத்து வில்சனிடம் கண்டனமாக நின்றது. அதையே காட்ரி ஓர் அட்டவணையின் வாயிலில் வைத்தபோது, அந்த அன்னையர்க்குக் கைகொடுக்கும் முயற்சியாக அது மாறியது. பொருள்கள் மிகச் சுருக்கமானவை. பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு இரண்டு அல்லது மூன்று எளிய சொற்கள் மட்டுமே. பிரெஞ்சிலிருந்து வந்தவற்றுக்கு ஒரு குறியும் கிரேக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு ஓர் எழுத்தும் இட்டு வேறுபடுத்தினார்.

அகரவரிசையையும் அவர் கற்பிக்க வேண்டியிருந்தது. தேடும் சொல் 'ஏ' என்னும் எழுத்தில் தொடங்கினால் அட்டவணையின் முற்பகுதியிலும் 'வி' என்னும் எழுத்தில் தொடங்கினால் இறுதிப்பகுதியிலும் பார்க்க வேண்டும் என்றும், 'சி' என்னும் எழுத்துக்குள்ளேயே இரண்டாம் எழுத்து 'ஏ' ஆயின் தொடக்கத்திலும் 'யூ' ஆயின் முடிவை நோக்கியும் செல்ல வேண்டும் என்றும் அவர் பொறுமையோடு விளக்குகிறார். இன்று இதைப் படிப்போர்க்கு அது மிகையாகத் தோன்றலாம். பொருட்பாகுபாட்டின்படி செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்துவந்த தமிழ் மரபில், வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தபோதும் அம்முறை எத்துணைப் புதியதாய் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், காட்ரியின் விளக்கத்துக்கான தேவை புரியும். அந்நூலின் முதற்பதிப்பில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படும் ஒரே படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பேணப்படுகிறது.

காட்ரியைத் தொடர்ந்து 1616இல் ஜான் புல்லோகர் என்ற மருத்துவர் 'இங்கிலீஷ் எக்ஸ்பாசிட்டர்' என்னும் அகராதியை ஏறத்தாழ இருமடங்கு சொற்களோடு வெளியிட்டார். வழக்கொழிந்த சொற்களுக்கு உடுக்குறி இட்ட முறை அவருடையது. முதலையைப் பற்றி எழுதும்போது, அது மனிதனைத் தின்று தலையை மட்டும் வைத்துக்கொண்டு அழும் என்ற பழங்கதையைச் சொல்லி, லண்டனுக்கு உயிரற்ற நிலையில் கொண்டுவரப்பட்ட முதலை ஒன்றைத் தாம் நேரில் கண்டதையும் அவர் பதிவுசெய்தார்; பொருள் கூறும் நூலில் உலகத்தைக் காணும் வியப்பும் இடம்பெறலாம் என்பதை இது காட்டுகிறது.

1623இல் ஹென்றி காக்கரம் வெளியிட்ட நூலோடு இவ்வரலாறு வேறு திசையில் திரும்பியது. 'இங்கிலீஷ் டிக்‌ஷனரி' என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய அது, சீமாட்டியர், இளம் மாணவர், எழுத்தர், வணிகர், பிறநாட்டார் ஆகிய அனைவரையும் வாசகராக அழைத்தது. அதன் முதற்பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய பொருள் தந்தது. இரண்டாம் பகுதியோ அதைத் தலைகீழாக்கி, எளிய சொல்லைக் கொடுத்தால் அதற்கீடான மிடுக்கான சொல்லை எடுத்து நீட்டியது. மூன்றாம் பகுதி தெய்வங்கள், விலங்குகள், பூதங்கள் ஆகியவற்றைப் பற்றியது. காட்ரியின் நூலைத் திறந்தவர் பிறர் பேசியதை உணர விரும்பியவர். காக்கரத்தின் இரண்டாம் பகுதியைத் திறந்தவர் பிறர் தம்மைக் கற்றவரென்று கருத வேண்டுமென விரும்பியவர். இந்த இரண்டாம் ஆசையை இழிவாக எண்ணுதல் முறையன்று. பள்ளிக்குள் சென்றவரின் பேச்சையே நாகரிகத்தின் அளவுகோலாக வைத்த ஒரு சமூகத்தில், வெளியே நின்றவர் அப்பேச்சைக் கைக்கொள்ள முயன்றது தற்காப்பேயாகும்.

குறை அவ்வாசையை நிறைவேற்றிய முறையில் இருந்தது. காக்கரம் தம் சொற்களுள் பலவற்றை வழக்கிலிருந்து எடுக்கவில்லை. தாமஸ் தாமஸ் என்பவர் செய்த இலத்தீன் அகராதியில் கண்ட சொற்களுக்கு ஆங்கில விகுதி ஒட்டி ஆங்கிலச் சொற்களாக அறிமுகப்படுத்தினார். மந்தையிலிருந்து பிரித்து நடத்துதலுக்கு 'அப்கிரிகேட்', பெற்றோரின் இறுதிச் சடங்கை ஆற்றுதலுக்குப் 'பேரன்டேட்', தலைவிக்கு உடை அணிவித்தும் களைந்தும் பணிபுரியும் தோழிக்குக் 'கொமோட்ரிக்ஸ்', முடியே வெட்டப்படாதவனுக்கு 'அசர்செகாமிக்' என்றெல்லாம் அவர் தந்தவற்றை நம்பிப் பேசியோர் பேச்சு எவருக்கும் விளங்கியிராது. ஓக்கம் ஆசிரியர் தகர்க்க முயன்ற சுவரின்மீது இவை மேலும் சில செங்கற்களை அடுக்கின என்பதே சரியான மதிப்பீடு.

1656இல் தாமஸ் பிளவுன்ட் வெளியிட்ட 'குளோசோகிராஃபியா' இம்மரபின் மிகச் சிறந்த படைப்பு. வழக்குரைஞராகத் தகுதி பெற்றும் கத்தோலிக்கராதலால் தொழிலில் தடையுற்றிருந்த அவர், இருபது ஆண்டுகளுக்கு மேலான ஓய்வு நேரத்தை அதற்குச் செலவிட்டு ஏறத்தாழ 11,000 சொற்களைத் தொகுத்தார். இலத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சும் அறிந்த தமக்கே, துருக்கிய வரலாற்றைப் படிக்கும்போது அந்நாட்டுப் படைவகுப்பையும் பதவிகளையும் குறிக்கும் சொற்கள் தடையாயின என்றும், லண்டன் கடைத்தெருவில் சமையற்காரர், தையற்காரர், மது விற்போர் முதலியோரிடம் வழங்கும் சொற்களும் விளங்கவில்லை என்றும் அவர் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். கற்றவர் கல்லாதவர்க்கு இரங்கிச் சொல்லும் குரல் இங்கே மாறிவிடுகிறது. தையற்காரர்முன் பிளவுன்ட்டே கல்லாதவராகிறார். அப்போதுதான் இங்கிலாந்தில் பரவத் தொடங்கியிருந்த காப்பி என்னும் பானத்துக்கும் அவர் இடமளித்தார். சொற்களின் பிறப்பை விளக்கியும் தாம் கண்ட நூல்களைச் சுட்டியும் எழுதினார். புதுமணத்தாரைப் பற்றிய 'ஹனிமூன்' என்ற சொல்லுக்கு அவர் தந்த விளக்கம், இன்று தேனாயிருக்கும் அன்பு நிலவைப்போல மாறிவிடும் என்பது.

இரண்டே ஆண்டுகளில், கவிஞர் மில்டனின் சகோதரி மகனான எட்வர்ட் பிலிப்ஸ், பிளவுன்ட்டின் உழைப்பைப் பெருமளவில் எடுத்துக்கொண்டு 'ஆங்கிலச் சொற்களின் புது உலகம்' என்ற பெயரில் அகராதி வெளியிட்டார். 1673இல் பிளவுன்ட் அதன் பிழைகளைத் தனி நூலாகவே எழுதி அம்பலப்படுத்தினார். நான்கு குவார்ட் கொண்ட காலன் அளவையை இரண்டு குவார்ட் என்று பிலிப்ஸ் எழுதியதைச் சுட்டி, இதைச் சாராயக்கடை நடத்தும் எந்தப் பெண்ணும் மறுத்துவிடுவாளே என்று அவர் கேட்டதில், களவு கொடுத்தவரின் சினம் தெளிவாகத் தெரிகிறது. காட்ரி கூட்டிடமும் காக்கரம் இலத்தீன் அகராதியிடமும் எடுத்துக்கொண்டதை எண்ணினால், எடுத்தாளுதல் இத்துறையில் பொதுவழக்காகவே இருந்தது. ஆயினும் அதைப் பொறாது சினந்து எழுதியவர் பிளவுன்ட்.

பதினெட்டாம் நூற்றாண்டு இம்மரபை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஜான் கெர்சி செய்ததாகக் கருதப்படும் 1702ஆம் ஆண்டு அகராதி அன்றாடச் சொற்களையும் ஏற்றது. நேதன் பெய்லி 1721இல் ஏறத்தாழ 40,000 சொற்களைத் தொகுத்தார். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் பேரகராதி, 42,000க்கும் மேற்பட்ட தலைச்சொற்களுக்குப் பொருளோடு எழுத்தாளர்களின் மேற்கோளையும் சேர்த்தது. எளிய சொற்களும் அகராதிக்குள் வந்தபின் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது: எளிய சொல்லுக்குப் பொருள் கூற அதைவிட அரிய சொற்களே வேண்டியிருந்தன. வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கு ஜான்சன் எழுதிய விளக்கம், 'ரெட்டிகுலேட்டட்', 'டெக்கசேட்டட்' போன்ற இலத்தீன் சொற்களால் நிறைந்து, மீனவர் எவரும் தம் வலையை அதில் அடையாளம் காண இயலாத வகையில் அமைந்தது.

அகராதி எல்லாச் சொற்களுக்கும் உரியதானபின், அருஞ்சொற்களை மட்டும் திரட்டிக் கற்பிக்கும் பணி சிறு நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்றது. வில்ஃப்ரட் ஃபங்க் 1945 ஜனவரியில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் தொடங்கிய சொல்வளப் பகுதியின் தலைப்பே, சொல்லாற்றலைப் பெருக்கினால் ஆதாயம் உண்டு என்று கூறியது. 1949இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈசி', இலத்தீன், கிரேக்க வேர்களைக் கற்பித்து அவற்றிலிருந்து சொற்குடும்பங்களை விரித்துக்காட்டும் முறையைக் கையாண்டது. தமிழ்நாட்டின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கும் அந்நூலை வாங்கிப் போட்டித் தேர்வுக்கோ நேர்முகத்துக்கோ ஆயத்தமாகும் இளைஞர்கள், இலக்கணப் பள்ளிச் சிறுவர்கள் ஏழு வயதிலிருந்து பெற்ற இலத்தீன் வேர்களைத்தான் சில வாரங்களில் பெற முயல்கின்றனர்.

காக்கரம் புனைந்தவற்றுக்கும் முடிவு வந்துவிடவில்லை. பழைய அகராதிகளுக்கு வெளியே எங்கும் வழங்காத சொற்களை ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியின் தொகுப்பாளர்கள் 1884 முதல் 1928 வரை வெளிவந்த தம் பகுதிகளில் அவ்வாறே குறித்துவைத்தனர். அரிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டித் தரும் இக்காலப் பட்டியல்களிலோ, முடி வெட்டப்படாதவனைக் குறித்த அந்த 'அசர்செகாமிக்', காக்கரத்தின் பெயர் சொல்லப்படாமலேயே, கற்றுக்கொள்ள வேண்டிய சொல்லாக இன்றும் இடம்பெறுகிறது.